விசை உள்ளிருந்து வரும்போது

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் சிறு நிலையங்களைத் தாண்டி மாரிக்குப்பத்தை நோக்கி ரயில் மெல்ல ஊர்ந்து செல்கையில், வீட்டுக் கூரைகளுக்குப் பின்னே சாம்பல் வெண்மையாய், தட்டைத் தலையுடன் எழுந்து நிற்கும் மேடுகளைக் கோலார் தங்கவயலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இயற்கைக் குன்றுகள் என்றே எண்ணிக்கொள்வார்கள்; ஊர்க்காரர்களோ அவற்றைச் சயனைடு மலை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக இடித்து, சயனைடுக் கரைசலில் ஊறவைத்து, பொன்னைப் பிரித்துக்கொண்டபின் கொட்டிய கழிவு மணல் அது; மொத்தம் 3 கோடி டன்னுக்குக் குறையாது. காற்று வீசினாலொழிய, மழைநீர் அரித்தாலொழிய, யாரேனும் கிளறினாலொழிய, அதில் ஒரு மணிகூடத் தன் இடத்தைவிட்டு அசைவதில்லை.

தங்கவயலில் அசைந்தவற்றுள் பெரும்பாலானவை இப்படி வெளியிலிருந்து அசைக்கப்பட்டவையே. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே இங்கு வந்து சேர்ந்தது. கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சினும், 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் காற்றைச் செலுத்திய விசிறியும், ஊற்றெடுத்த நீரை இறைத்த பம்பும் நாளடைவில் அந்த இரவல் சக்தியால்தான் இயங்கின. அந்தச் சுரங்கத்துக்குள் தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு இறங்கிய பொருள் ஒன்றுதான். சங்கு ஊதியதும் ஷாஃப்ட்டின் வாயில் கூடிய தொழிலாளர் கூட்டம். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழரே பெரும்பான்மையாக இருந்த அந்தக் கூட்டத்தில், ஒவ்வொருவரும் காலையில் உண்ட களியின் சக்தியைத் தாமே செலவிட்டு, தம் விருப்பத்துக்கு நடந்து, நின்று, முந்தி, ஒதுங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபின் அந்தக் கூட்டம் பெங்களூரு ரயிலைப் பிடிக்கும் கூட்டமாக மாறியது. ஆனால் அதன் சுபாவம் மாறவில்லை.

வெளியிலிருந்து தள்ளப்படாமல், ஒவ்வொரு துகளும் தன்னுள்ளே இருக்கும் சக்தியை அல்லது தன் அருகிலிருந்து உறிஞ்சும் சக்தியைச் செலவிட்டுத் தானே நகருகிற பொருளைப் பௌதிக விஞ்ஞானிகள் இப்போது ஒரு தனி வர்க்கமாகப் பிரித்து ஆராய்கிறார்கள். தன்னியக்கப் பதார்த்தம் என்று அதைச் சொல்லலாம். பறவைக் கூட்டம், மீன் கூட்டம், ஒரு சொட்டு நீரில் நெளியும் கோடிக்கணக்கான கிருமிகள், உயிரணுவுக்குள் புரதங்கள் இழுத்துத் தள்ளும் நார்வலை ஆகிய யாவும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் குறித்து எழும் கேள்வி எளியது, விடைதான் கடினமானது. நீர் பனிக்கட்டியாவதுபோல, இரும்பு காந்தமாவதுபோல, இத்தகைய பதார்த்தத்துக்கும் நிலைகள் உண்டா? ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அது மாறும் எல்லையில், சாதாரணப் பொருள்கள் காட்டும் அற்புதங்களை அதுவும் காட்டுமா? இந்தக் கேள்விக்கு உலகிலேயே மிக முக்கியமான விடைகள் சில தங்கவயலிலிருந்து 100 கிலோமீட்டர் மேற்கே, பெங்களூரிலும், அதோடு சென்னையிலும் ஹைதராபாத்திலும் கிடைத்திருக்கின்றன என்பது தமிழ் வாசகர்களிடையே போதிய அளவு பரவாத செய்தி.

முதலில் அந்த அற்புதங்கள் எவை என்று பார்ப்போம். 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் கரியமிலவாயுவைத் தடித்த கண்ணாடிக் குழாயில் அடைத்து அழுத்திப் பார்த்தபோது, 31 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே வாயு திரவமாகத் திரள்வதையும், அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே கோடு ஒன்று தோன்றாமலே போவதையும் கண்டார். வேறுபாடு மறைகிற அந்த இடமே மாறுநிலைப் புள்ளி. அதை நெருங்க நெருங்க, தெளிவாக இருந்த குழாய் பால் கலந்ததுபோல் வெளுத்து மங்குகிறது. காரணம் யாதெனில், அந்த அவஸ்தையில் பொருள் தான் திரவமா வாயுவா என்று தீர்மானிக்க மாட்டாமல் தத்தளிக்கிறது. ஓரிடத்தில் அடர்த்தி கூடி, அடுத்த இடத்தில் குறைந்து, அந்தக் கூடுதல் குறைவுத் திட்டுகள் மூலக்கூறின் அளவிலிருந்து ஒளியலையின் நீளம்வரை வளர்ந்துவிடுவதால், உள்ளே நுழையும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது. இத்தகைய திட்டு ஒன்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அதற்குத் தொடர்பு நீளம் என்று பெயர். மாறுநிலையில் அது எல்லையின்றி வளர முனைகிறது. ஸ்மோலுசோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் 1908-க்கும் 1910-க்கும் இடையே இதற்குக் கணிதம் வகுத்தார்கள், நம் சி. வி. ராமன் அந்தச் சூத்திரத்தைத்தான் 1920-களின் தொடக்கத்தில் கடல்நீரின் நீலத்தை விளக்கக் கையாண்டார்.

பெங்களூரில் இந்த ஆராய்ச்சி புதிதல்ல. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இ. எஸ். ராஜகோபாலும் அவருடைய மாணவர்களும் இரண்டு திரவங்கள் கலந்தும் கலவாமலும் நிற்கும் மாறுநிலையைப் பல ஆண்டுகள் நுட்பமாக அளந்தார்கள்; 1983-இல் அவர் அனில் குமாருடனும் எச். ஆர். கிருஷ்ணமூர்த்தியுடனும் சேர்ந்து எழுதிய நீண்ட மதிப்புரை அத்துறையில் நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது. அந்த அளவீடுகளில் வெளிப்பட்ட பேருண்மை என்னவென்றால், இரண்டு திரவங்கள் பிரிவதும், வாயு திரவமாவதும், ஒருவகைக் காந்தம் தன் காந்தத்தை இழப்பதும் மாறுநிலையருகில் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன என்பதுதான். இரண்டு நிலைகளின் வேறுபாடு எந்த அடுக்கு விதிப்படி குறைந்து மறைகிறது என்று அளந்தால், மூன்றுக்கும் 0.33-ஐ ஒட்டிய ஒரே எண் வருகிறது. பொருளின் குலம் கோத்திரம் அங்கே செல்லுபடியாவதில்லை. எத்தனை பரிமாணம், எவ்வகைச் சமச்சீர் என்பவை மட்டுமே கணக்கில் நிற்கின்றன. ஏன் அப்படி என்பதை 1970-களின் தொடக்கத்தில் விளக்கியதற்காகக் கென்னத் வில்சன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கே தங்கவயல்காரர்கள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கக்கூடும். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாளாமல் வெடிப்பதை முன்பு ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டு அலமாரியில் பாத்திரம் கலகலக்கும் அளவுக்குச் சிறியவை மிகப் பல, சுவரைப் பிளக்கும் அளவுக்குப் பெரியவை மிகச் சில. பூகம்பங்களைப்போலவே இவற்றின் எண்ணிக்கையும் பருமன் கூடக்கூட ஓர் அடுக்கு விதிப்படி குறைகிறது. தனக்கென்று ஓர் இயல்பான அளவு இல்லாமை மாறுநிலையின் அடையாளமும் ஆகும். ஆயினும் அடுக்கு விதி ஒன்று தென்பட்ட இடமெல்லாம் மாறுநிலை என்று முழங்குவது சென்ற சில பத்தாண்டுகளாக ஒரு நாகரிகமாகிவிட்டது. பாறை வெடிப்பை அந்தப் பட்டியலில் சேர்க்க நான் அவசரப்படமாட்டேன்.

மேலே சொன்ன கணக்குகள் யாவும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: பொருள் உஷ்ணச் சமநிலையில் இருக்கவேண்டும். சமநிலையில் உள்ள ஒரு திரவத்தின் மூலக்கூறுகளைச் சினிமாப் படமாக எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், எது முன் எது பின் என்று எவராலும் சொல்ல இயலாது. கிருமிகள் நீந்துவதைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவை வாலால் முன்னேறுவதற்குப் பதில் தலையால் பின்னேறும். எரிபொருள் ஒவ்வொரு துகளிலும் ஓயாமல் எரிந்துகொண்டிருப்பதால் காலத்தின் திசை அந்தப் பதார்த்தத்தின் ஒவ்வோர் அணுவிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சமநிலைக்கென்று வகுத்த சட்டம் இங்கே கட்டுப்படுத்தாது. 1965-இல் பௌதிகர்கள் சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்குக் கீழே போய் அமர்ந்தது, வானத்து இரைச்சலைப் பாறை வடிகட்டினால்தான் நியூட்ரினோவின் அரிய தடத்தைக் காணமுடியும் என்பதற்காக; இந்தத் துறையிலோ இரைச்சலே ஆராய்ச்சிப் பொருளாகிறது.

உயிரில்லாத ஒன்றையும் தன்னியக்கமாக்க முடியும் என்பதைக் காட்டிய பரிசோதனை ஒன்றைச் சற்று அருகே நின்று பார்ப்பது பயனுடையது. 2014-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிதின் குமார், ஹர்ஷ் சோனி, ஸ்ரீராம் ராமசுவாமி, ஏ. கே. சூட் ஆகியோர் நாலரை மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் குச்சிகளை ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்குமாறு கடைந்து, ஒரு தட்டையான வட்டத் தட்டில் பரப்பி, மேலே கண்ணாடி மூடியிட்டு, தட்டை நொடிக்கு 200 முறை மேலும் கீழுமாக அதிரச் செய்தார்கள். தட்டு செங்குத்தாகத்தான் அதிர்கிறது. பக்கவாட்டில் எத்திசையிலும் அது தள்ளுவதில்லை. ஆனால் குச்சியின் இரு முனைகளும் ஒன்றுபோல் இல்லாமையால், தட்டிலும் மூடியிலும் மோதி மோதி அது தன் மெலிந்த முனைப் பக்கமாக நகர்ந்து செல்கிறது. சக்தி வெளியிலிருந்து வந்தாலும் திசையைத் தீர்மானிப்பது குச்சியின் வடிவமே. சயனைடு மலையின் மணலுக்கும் இந்தக் குச்சிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். உருண்ட மணியை எவ்வளவு குலுக்கினாலும் அது இன்ன பக்கம் என்று போகாது.

குச்சிகளோடு அவர்கள் 0.8 மில்லிமீட்டர் அலுமினிய மணிகளையும் கலந்தார்கள். மணிகள் குறைவாக இருந்தபோது குச்சிகள் தாறுமாறாக அலைந்தன. மணிகளின் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவைக் கடந்ததும், தட்டில் மிகச் சில குச்சிகளே இருந்தும், ஒன்றோடொன்று தொடாத தூரத்தில் இருந்தும், எல்லாம் ஒரே திசையில் வட்டமிடத் தொடங்கின. நகரும் குச்சி தன்னைச் சுற்றியுள்ள மணிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. அப்படி எழுந்த மணிப் பிரவாகத்தின் போக்குக்கு, கோபுரத்து உச்சியில் காற்றுக்குத் திரும்பும் திசைகாட்டியைப்போல, தொலைவிலுள்ள குச்சி தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தானாக நகர மாட்டாத மணி, தானாக நகரும் குச்சிக்குத் தூது போகிறது. எனக்கு இந்தப் பரிசோதனையில் பிடித்த அம்சம் அதன் மலிவு. பித்தளையும் அலுமினியமும் ஓர் அதிர்வியும் ஒரு காமிராவும் கொண்டு, உயிருள்ள கூட்டங்களின் ஒழுங்கு மாற்றத்தை மேசைமேல் வரவழைத்துவிட்டார்கள்.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்குமுன் விஜய் நாராயண், ராமசுவாமி, நாராயணன் மேனன் மூவரும் இரு முனையும் ஒத்த செப்புக் குச்சிகளை இவ்வாறே அதிரச் செய்து வேறோர் அதிசயத்தைக் கண்டிருந்தார்கள். சாதாரணத் திரவத்தின் ஒரு பகுதியில் சராசரியாக 10,000 மூலக்கூறுகள் இருந்தால், அந்த எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் 100 அளவுக்கே, அதாவது வர்க்கமூல அளவுக்கே, கூடிக் குறையும். செப்புக் குச்சிகளிலோ அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கைக்கே ஏறத்தாழ நேர்விகிதத்தில் வளர்ந்தது. சாதாரணப் பொருளில் மாறுநிலைப் புள்ளியருகே மட்டும் காணும் தத்தளிப்பு, இங்கே அந்த ஒழுங்கு நிலை நீடிக்கும்வரை எங்கும் நிற்கிறது.

இனிக் கோட்பாட்டின் பக்கம். 1995-இல் ஹங்கேரியரான தமாஷ் விச்செக் ஒரு கணிப்பொறி மாதிரியை அமைத்தார். துகள்கள் யாவும் ஒரே வேகத்தில் செல்கின்றன. ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொன்றும் தன் அண்டையிலுள்ளவற்றின் சராசரித் திசையை, சிறிது பிழையோடு, தனதாக்கிக்கொள்கிறது. பிழை அதிகமானால் குழப்பம். பிழை குறைந்து நெருக்கம் கூடினால் கூட்டம் முழுவதும் ஒருமுகமாகப் புறப்படுகிறது. அதே ஆண்டில் ஜான் டோனரும் யுஹாய் டூவும் இதற்கு ஒரு திரவச் சமன்பாட்டை எழுதி வியக்கத்தக்க ஒரு முடிவை நிறுவினார்கள். தட்டையான பரப்பில் இடத்தைவிட்டு நகராத அம்புகள், எவ்வளவு குறைவான உஷ்ணத்திலும், நெடுந்தூரத்துக்கு ஒரே திசையைப் பேணமுடியாது என்பது 1966-முதல் நிலைபெற்ற தேற்றம். நகரும் அம்புகளுக்கு அந்தத் தடை இல்லை. ஏனெனில் அவை தாம் கண்ட திசைச் செய்தியைத் தாமே எடுத்துச் சென்று புதிய அண்டைகளுக்குக் கொடுக்கின்றன.

ஆனால் அந்த மாற்றம் எத்தகையது? கரியமிலவாயுவின் மாறுநிலையைப்போல் படிப்படியாக வந்து முடிவதா, அல்லது நீர் கொதிப்பதைப்போல் ஒரே தாவலா? படிப்படியானது என்றே விச்செக் கருதினார். 2004-இல் கிரெகுவாரும் ஷாத்தேயும் மிகப் பெரிய கூட்டங்களைக் கணிப்பொறியில் ஓடவிட்டபோது, ஒழுங்கு பிறக்கும் விளிம்பில் துகள்கள் நெருக்கமான பட்டைகளாகத் திரண்டு, ஐதான வெளியின் ஊடே அலை அலையாகச் செல்வது தெரிந்தது; ஆகவே மாற்றம் தாவலே என்று ஆயிற்று. குற்றவாளி அடர்த்தி. நெருக்கமான இடத்தில் ஒழுங்கு மிகுகிறது. ஒழுங்கான கூட்டம் மேலும் துகள்களை அள்ளிச் சேர்க்கிறது. அப்படியானால், அடர்த்தி மாறவே இடங்கொடாத, அமுக்க முடியாத திரவத்தில் இந்தக் கூட்டத்தை அடைத்தால் என்னாகும்? 2015-இல் லெய்மிங் சென், டோனர், சியூ ஃபான் லீ மூவரும் அந்தக் கணக்கைப் போட்டார்கள். அங்கே மாற்றம் மீண்டும் படிப்படியானதாகிறது. உண்மையான மாறுநிலைப் புள்ளி ஒன்று கிடைக்கிறது. அதன் எண்கள் காந்தத்துக்கோ கரியமிலவாயுவுக்கோ உரிய எண்கள் அல்ல. வில்சன் வகுத்த முறையே தன்னியக்கப் பதார்த்தத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அது காட்டும் குலம் புதியது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உலர்ந்த மேசைமேல் நகரும் துகள்களின் இயல்பு. நீந்தும் கிருமிகள் இருப்பது திரவத்தில். அங்கே விஷயம் வேறு. ஒரு கிருமியின் உலகில் ஜடத்துவம், அதாவது பாடநூல்கள் நிலைமம் என்கிற பண்பு, இல்லை என்றே சொல்லலாம். எட்வர்ட் பர்செல் 1977-இல் கணக்கிட்டபடி, நீந்திக்கொண்டிருக்கும் கிருமி வாலை நிறுத்தினால் ஓர் அணுவின் குறுக்களவுக்கும் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். நீர் அதற்குத் தேன்பாகினும் தடித்தது. இத்தகைய கிருமிகள் ஒரு திரவத்தில் அணிவகுத்து ஒரே முகமாக நீந்த முடியுமா? இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆர். அதிதி சிம்ஹாவும் ராமசுவாமியும் 2002-இல் அளித்த விடை: முடியாது. வாலால் தள்ளி நீந்தும் ஒவ்வொரு கிருமியும் தன் முன்னும் பின்னும் நீரை வெளியே தள்ளி, இரு பக்கங்களிலிருந்தும் உள்ளே இழுக்கிறது. அணிவகுப்பில் எங்கோ ஒரு சிறு வளைவு ஏற்பட்டால், அந்த வளைவிலுள்ள கிருமிகளின் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் ஒரு நீரோட்டத்தை எழுப்புகின்றன. அந்த நீரோட்டம் வளைவை மேலும் வளைக்கிறது. வளைவு எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் இந்தக் குலைவு ஓய்வதில்லை. பின்னர் உலகெங்கும் பல கூடங்களில் கிருமிக் கரைசல்களில் காணப்பட்ட ஓயாத சுழல்களுக்கு இந்த ஏடு முன்னறிவிப்பாக அமைந்தது.

இதன் கிளையாக வந்த இன்னொரு முன்னறிவிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த யசோதன் ஹத்வல்னே, மதன் ராவ் ஆகியோருடன் சேர்ந்து அதே இருவர், தள்ளி நீந்தும் கிருமிகள் கலந்த நீரின் பாகுநிலை தூய நீரினும் குறையவேண்டும் என்று கணித்தார்கள். எந்தத் துகளைக் கலந்தாலும் திரவம் தடிக்கும் என்பது ஐன்ஸ்டைன் காலத்து விதி. 2015-இல் பிரான்சின் ஓர்சேயில் ஈ-கோலை கிருமிகளைக் கொண்டு அளந்தபோது பாகுநிலை குறைந்து குறைந்து பூஜ்யத்தையே எட்டியது. கிருமிகள் செலவிட்ட உணவின் சக்தி, திரவத்தின் உராய்வை முழுமையாக ஈடுகட்டிவிட்டது.

ஆயினும் கடலில் மீன் கூட்டங்கள் அணிவகுத்துத்தான் செல்கின்றன. கிருமிக்கு விதித்த தடை மீனுக்கு எங்கே நீங்கியது? இந்தக் கேள்விக்கு 2021-இல் வந்த விடையே இந்தக் கட்டுரைக்கு என்னைத் தூண்டியது. ஹைதராபாத் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ராயன் சாட்டர்ஜி, நவ்தீப் ராணா, பிரசாத் பெர்லேக்கர் ஆகியோரும், அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த அதிதி சிம்ஹாவும், ராமசுவாமியும் சேர்ந்து, கிருமி உலகில் கழித்துவிட்ட ஜடத்துவத்தைச் சமன்பாட்டுக்குள் மீண்டும் கொண்டுவந்தார்கள். அவர்கள் கேட்டது இது: குலைவிலிருந்து தப்ப ஒரு கூட்டம் எவ்வளவு வேகமாக நீந்தவேண்டும்? விடை ஒரே ஓர் எண்ணில் அடங்குகிறது. திரவத்தின் அடர்த்தியை நீந்தும் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீந்துகிறவை திரவத்தின்மேல் செலுத்தும் தகைவின் இருமடங்கால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். தகைவு மாறாதிருக்க, வேகம் இரட்டித்தால் எண் நான்கு மடங்காகும். மேலே இருப்பது, கூட்டம் தன் போக்கில் செல்லும் ஜடத்துவத்தின் வலிமை. கீழே இருப்பது, அதே கூட்டம் தன்னைத்தானே குலைத்துக்கொள்ளும் வலிமை.

அந்த எண் சிறியதாயின் ஒழுங்கு நிற்பதில்லை. கணிப்பொறியில் முப்பரிமாணத் தொட்டி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தபோது, ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் அம்புகள் சிலிர்த்து நிற்கிற முள்ளெலி முனைகள் எங்கும் தோன்றி மறையும் கொந்தளிப்பே எஞ்சியது. சராசரித் திசை என்று எதுவும் இல்லை. எண் ஏறக்குறைய 1-ஐக் கடக்கையில் காட்சி மாறுகிறது. கொந்தளிப்பு நீங்கவில்லை, ஆனால் முள்ளெலிகள் மறைந்து, இரைச்சலுக்கு நடுவே கூட்டம் மொத்தமாக ஒரு திசையைப் பற்றிக்கொள்கிறது. வளைவு வளர்வதற்குள் கூட்டம் அதைப் பின்னே விட்டுவிட்டுச் சென்றுவிடுகிறது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். எண் இன்னும் மிகப் பெரியதானால் எந்தச் சிறு குலைவும் வளராத உறுதியான அணிவகுப்பு வாய்க்கிறது. இவற்றுள் முதல் எல்லைதான் நமக்கு முக்கியம். அதை நெருங்கும்போது, ஒரே முகமாகத் திரும்பிய திட்டுகளின் தொடர்பு நீளம் வளர்ந்துகொண்டே போவதையும், ஒழுங்கு தாவலாக அன்றிப் படிப்படியாகப் பிறப்பதையும் இரு பரிமாணத்திலும் முப்பரிமாணத்திலும் அவர்கள் கண்டார்கள். ஆண்ட்ரூஸின் குழாயில் பால் நிறமாகத் தெரிந்த அதே அடையாளம், உஷ்ணமானியே இல்லாத ஓர் இடத்தில், ஓயாமல் எரியும் ஒரு கொந்தளிப்பின் நடுவில் தெரிகிறது. அங்கே உஷ்ணத்தின் இடத்தில் இருப்பது வேகம்.

இந்த முடிவை நான் மிகைப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். கொந்தளிப்புக்கும் நிலைமாற்றத்துக்கும் இடையே நெருங்கிய உறவு இருக்கலாம் என்ற எண்ணம் பழையது. ஆனால் ஒரு கொந்தளிப்பிலிருந்து இன்னொரு கொந்தளிப்புக்கு, மாறுநிலைப் புள்ளி வழியே ஒரு பதார்த்தம் செல்வதை இவ்வளவு தெளிவாக எழுதிக்காட்டிய வேலைகள் அதிகமில்லை. பெங்களூரின் வடபுறத்திலுள்ள சர்வதேசக் கோட்பாட்டு விஞ்ஞான மையத்தில் சித்தார்த்த முகர்ஜி, ராகுல் சிங், சம்ரித்தி சங்கர் ராய் ஆகியோர் மார்ட்டின் ஜேம்ஸுடன் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் துணைநிற்கிறது. அடர்ந்த கிருமிக் கூட்டத்தின் கொந்தளிப்பில், துகள்களின் உந்துசக்தி ஒரு மாறுநிலை அளவைக் கடந்தபின், நுண்விவரங்களைச் சாராத ஒரு பொது விதிக்கு ஓட்டம் கட்டுப்படுகிறது என்று அது காட்டுகிறது. ரோம் நகரப் பூங்காக்களில் அந்திவேளையில் பறக்கும் சிறு ஈக்களைப் படமெடுத்த ஆந்திரேயா கவாக்னாவின் குழுவும், திட்டு பெரிதாகப் பெரிதாக அது மாறும் வேகம் எந்த அடுக்கில் குறைகிறது என்று அளந்து 1.37 என்னும் எண்ணைப் பெற்றது; சமநிலைக் காந்தத்துக்கு அது 2-ஐ ஒட்டி வரும். தன்னியக்கத்தையும் ஜடத்துவத்தையும் சேர்த்து 2023-இல் போட்ட கணக்கு 1.35 என்று தந்தது. கழித்துவிடலாம் என்று கருதிய ஜடத்துவம் அங்கேயும் கணக்கில் நின்றிருக்கிறது.

2021-இன் முன்னறிவிப்பைத் தொட்டியில் சோதிக்க உகந்த பிராணி எது? கிருமியின் எண் ஒன்றைவிட மிக மிகச் சிறியது. பெரிய மீனைச் சுற்றி நீர் தானே கொந்தளிக்கும். இடைப்பட்ட மில்லிமீட்டர் உலகில்தான் எண் ஒன்றை ஒட்டி நிற்கும் என்று அவ்வேடும் கருதுகிறது. என் மனம் நாடுவது தூத்துக்குடி உப்பளங்களில் செம்மை படர நீந்தும் ஆர்ட்டீமியாவை. இறால் குஞ்சுப் பண்ணைகளில் தீவனத்துக்கென்று அதைப் பொரிக்க வைக்கும் வித்தை நம் கரையோரத்தில் பலருக்குத் தெரியும். இடையூறு இரண்டு. அதன் குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி ஓடும். ஒரு பக்கம் விளக்கிருந்தால் பிறக்கும் ஒழுங்கு விளக்கினுடையதே ஒழியக் கூட்டத்தினுடையது ஆகாது. ஆகவே தொட்டிக்கு எல்லாப் பக்கமும் சமமான வெளிச்சம் வேண்டும். இரண்டாவது, மேற்சொன்ன கணக்கு நீரை முன்னும் பின்னும் தள்ளி நீந்துகிறவற்றுக்கு உரியது. முன்னுறுப்புகளால் நீரை இழுத்து நீந்தும் பிராணிகள் எதிர் வகையைச் சேர்ந்தவை. குஞ்சாக இருக்கும்போது ஒரு வகையாகவும் கால்கள் முளைத்தபின் வேறு வகையாகவும் ஒரே பிராணி இருத்தல் கூடும். எனவே ஆயிரம் குஞ்சுகளைத் தொட்டியில் விடுமுன், ஒரே ஒரு குஞ்சை நுண்ணிய துகள் தூவிய நீரில் விட்டு, அதன் முன்னும் பக்கத்திலும் துகள்கள் எத்திசையில் போகின்றன என்பதை, பிராணியின் ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும், படமெடுத்து அளந்துகொள்வதே முதல் வேலை.